கால் ஆறும் வரை எந்த முடிவும் வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் பெண் வேலையில் சேர்ந்து ஏழு மாதம். கால் முன்னெலும்பில் கீறல் விழுந்து மூன்று வாரம். ஓட்டத்தை நிறுத்தச் சொல்வதா, வேலையை விடச் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டையும் சொல்லாதீர்கள். காயத்தின் நடுவில் வேலையை விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், ஸ்பைக்ஸை, அதாவது முள் பதித்த ஓட்டக் காலணியை, தூக்கிப் பரண்மேல் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கால் சரியான பிறகு இரு தரப்பும் என்னிடம் வந்து ஒரே மாதிரிதான் புலம்பினார்கள்.

நீங்கள் எழுதியிருந்த அவளுடைய நாளைக் கூட்டிப் பார்த்தேன். விடியற்காலை நான்கரைக்கு எழுந்து பயிற்சி, ஒன்பது முதல் ஆறு வரை அலுவலகம், மறுபடி மைதானம், படுக்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடுகிறது. தூக்கம் ஐந்தரை மணி நேரம்கூட இல்லை. கல்லூரியில் செய்த அதே 800 மீட்டர் பயிற்சியை வேலை நாட்களின் மேல் அப்படியே ஏற்றியிருக்கிறாள். அப்போது மதியத்தில் ஒரு தூக்கம் போட முடிந்தது, இப்போது முடியாது. ஆபீஸ் களைப்பு வேறு, டிராக் களைப்பு வேறு என்று உடம்பு தனித்தனிக் கணக்கு வைப்பதில்லை. ஓடும்போது எலும்பில் நுண்ணிய சேதம் ஏற்படும், ஓய்வில் அது சீராகும். சீராவதற்குள் அடுத்தடுத்து அடி விழுந்தால் கீறல்தான்.

இன்னொன்றையும் தயங்காமல் கேளுங்கள்: மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? எடை குறைந்தால் வேகம் கூடும் என்று சாப்பாட்டைக் குறைக்கும் ஓட்டக்காரப் பெண்கள் நிறைய. செலவிடும் ஆற்றலுக்கு ஏற்பச் சாப்பிடாவிட்டால் விலக்கு தள்ளிப்போகும், நின்றும்போகும். எலும்பு வலு இழக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கென்றே தனிப் பெயர் வைத்து எச்சரித்தது. ஆண்களுக்கும் இது வரும் என்றது. அப்படி ஏதாவது இருந்தால் எலும்பு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சியாளரிடம் சொல்லக் கூச்சப்படுவாள், நீங்கள் கூட இருங்கள்.

வேலையோடு ஓட முடியுமா என்றால், முடியும். ஜப்பானின் யூகி கவாவுச்சி ஒரு பள்ளி அலுவலகத்தில் முழுநேர அரசு ஊழியராக இருந்துகொண்டே 2018 பாஸ்டன் மாரத்தானை வென்றார். பெருமழையிலும் எதிர்க்காற்றிலும் 2 மணி 15 நிமிடம் 58 விநாடி. வேலை நாட்களில் அவருக்குப் பயிற்சி ஒரு வேளைதான், அதிலும் பெரும்பகுதி மெதுவான ஓட்டம். இதைத்தான் உங்கள் பெண் கவனிக்க வேண்டும், அவருடைய பதக்கத்தை அல்ல.

ரோஜர் பானிஸ்டர் கதை உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கம். மருத்துவ மாணவர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் நான்காவதாக வந்து, ஓட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தார். விடவில்லை. மதிய இடைவேளைகளில் பயிற்சி செய்தார். 1954 மே 6 காலையில் மருத்துவமனை வேலையைப் பார்த்துவிட்டு, ரயிலேறி ஆக்ஸ்போர்டு போய், மாலையில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் ஆள். அதே ஆண்டிலேயே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவத்துக்குப் போய்விட்டார். அவரும் ஒருநாள் விட்டவர்தான், ஆனால் தோற்ற நாளில் விடவில்லை.

கால் ஆறியபின் ஒரு நாளைக்கு ஒரு பயிற்சி போதும். கடுமையான இன்டர்வல், அதாவது இடையிடையே ஓய்வு விட்டு வேகமாக ஓடும் பயிற்சி, வாரத்துக்கு இரண்டு, அவையும் ஆபீஸில் வேலை குறைவான நாட்களில். மாதக் கணக்கை முடிக்கும் வாரத்தில் ஒன்றைத் தைரியமாக வெட்டச் சொல்லுங்கள். பயிற்சியாளருக்கு ஆபீஸ் காலண்டரும், மேலாளருக்குப் போட்டிக் காலண்டரும் தெரிந்திருக்க வேண்டும். ஓடுவதை மேலாளரிடம் மறைப்பது பெரிய தவறு. திடீர் லீவு என்றால் எந்த மேலாளரும் முகம் சுளிப்பார். வருஷ ஆரம்பத்திலேயே தேதிகளைக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் ஒத்துழைப்பார். "வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து தாமதமாகப் போகலாமா" என்று கேட்பது, "சலுகை வேண்டும்" என்று பொதுவாகக் கேட்பதைவிட எளிதில் நடக்கும். மாறி மாறி வரும் நைட் ஷிப்டில் போட்டால் மட்டும் வேறு வேலை தேடச் சொல்வேன், சம்பளம் சற்றுக் குறைந்தாலும்.

இந்த வாரங்களில் மருத்துவர் அனுமதித்தால் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு ஆழமான நீரில் ஓடலாம், காலில் பாரம் இறங்காது. மறுபடி எப்போது தரையில் ஓடுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், போட்டித் தேதி அல்ல. வீட்டில் தினமும் "வலி எப்படி இருக்கு, எப்ப ஓடுவே" என்று கேட்காதீர்கள். அவளிடம் ஓட்டத்தைத் தவிர வேறு பேச்சு வீட்டில் நடந்து எவ்வளவு நாளாயிற்று?

அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் படுத்த நேரம், எழுந்த நேரம், ஆபீஸில் இருந்த நேரம் மூன்றையும் குறித்து எடுத்து வரட்டும். ஓட்டத்தின் டைமிங் எதுவும் வேண்டாம்.