தம்பியை மனநல மருத்துவமனையில் சேர்த்தால் எப்போது வெளியே விடுவார்கள்?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. இரண்டு மாதமாக இரவில் தூங்குவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று சொல்லி, அம்மா போடும் சோற்றைத் தொடுவதில்லை. தனியாகப் பேசுகிறான். போன வாரம் அப்பாவைக் கீழே தள்ளிவிட்டான். டாக்டரைப் பார்க்கலாம் என்றால் 'எனக்கு ஒன்றுமில்லை' என்கிறான். கோயிலுக்குப் போகலாம் என்று சொல்லிக் காரில் ஏற்றி, மருத்துவமனையில் சேர்த்துவிடலாம் என்கிறார் சித்தப்பா. சேர்த்தால் அப்புறம் வெளியே விடவே மாட்டார்கள், ஷாக் கொடுப்பார்கள் என்று அம்மா அழுகிறார். என்ன செய்வது டாக்டர்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா, கோயில் என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். சித்தப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் யாரோ நமக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் ஒருவரை அவர் வீட்டு மனிதர்களே ஏமாற்றிக் கூட்டிப் போனால், அவர் நினைத்தது சரிதான் என்று நாமே நிரூபித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அப்படி வந்து சேர்ந்தவர்கள் குணமான பிறகும் அந்தக் கார் பயணத்தை மறப்பதில்லை. ஆறு மாதம் கழித்து வீட்டில் கொடுக்கும் மாத்திரையைக்கூட சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

அதற்குப் பதிலாக உண்மையைச் சொல்லுங்கள். 'உனக்கு மனநோய்' என்று ஆரம்பிக்க வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றி வாதாடவும் வேண்டாம். 'நீ தூங்கி ரெண்டு மாசம் ஆச்சு, இளைச்சுப் போயிட்டே, எனக்குப் பயமா இருக்கு, தூக்கத்துக்காக டாக்டரைப் பார்க்கலாம், நான் கூடவே இருக்கேன்' என்று, அவர் யாரை இன்னும் கொஞ்சமாவது நம்புகிறாரோ அவர் சொல்லட்டும். அது பெரும்பாலும் அக்காவாகத்தான் இருக்கும். தூக்கமின்மை அவருக்கும் தொந்தரவுதான் என்பதால் அந்த வழியில் வர ஒப்புக்கொள்பவர்கள் நிறைய.

நீங்கள் சொல்வதையெல்லாம் வைத்துப் பார்த்தால் இது மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வகை நோயின் முதல் தாக்குதலாக இருக்கலாம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். கஞ்சா, மது போன்ற பழக்கங்கள், தைராய்டு கோளாறு, சில மூளை நோய்கள்கூட இப்படிக் காட்டும், அதனால்தான் ரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்வோம். ஆனால் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார், அப்பாவைத் தள்ளிவிட்டார் என்றால் இனிமேல் தள்ளிப் போடக் கூடாது. எல்லா மனநோய்க்கும் அட்மிஷன் தேவையில்லை, இவருக்குத் தேவைப்படலாம்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக ஆக்கி வைத்திருக்கிறோம், பிறகு அம்மா பயப்படாமல் என்ன செய்வார்? போனால் போனதுதான் என்ற அந்தப் பேச்சு சும்மா பிறந்ததும் இல்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. ஆனால் இன்று சட்டம் வேறு. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுக்காமல், அம்மா ஷாக் என்று சொல்லும் மின் அதிர்வு சிகிச்சை செய்யவும் கூடாது. அந்தச் சிகிச்சையே எல்லோருக்கும் தரப்படுவதும் இல்லை, தேவைப்பட்டால் நோயாளியிடமோ, அவரால் முடிவெடுக்க முடியாதபோது அவருடைய பிரதிநிதியிடமோ விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும்.

தம்பி சம்மதித்து வந்தால் அவரே கையெழுத்துப் போட்டுச் சேரலாம். அப்படிச் சேர்ந்தவர் வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டால் அனுப்ப வேண்டும். ஆனால் தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் ஆபத்து இருப்பதுபோல டாக்டருக்குத் தோன்றினால், பரிசோதித்து முடிவெடுப்பதற்காக 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம். சம்மதிக்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது. அவர் இதுவரை யாரையும் எழுத்தில் நியமிக்கவில்லை என்றால், நெருங்கிய உறவினராக அப்பாவோ நீங்களோ அவருடைய பிரதிநிதியாக விண்ணப்பம் கொடுக்கலாம். உங்கள் கையெழுத்து மட்டும் போதாது. ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவர் அல்லது மனநல வல்லுநரும் தனித்தனியாக அவரைப் பார்த்து, சேர்ப்பது அவசியம்தான் என்று இரண்டு பேருமே சொல்ல வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் 30 நாள்தான். சேர்த்தது சரிதானா என்று பார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மருத்துவமனை 7 நாளுக்குள் தகவல் தர வேண்டும், நோயாளி பெண்ணாக இருந்தால் 3 நாளுக்குள். 30 நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்றால் இரண்டு மனநல மருத்துவர்கள் மறுபடி பார்க்க வேண்டும், வாரியமும் அனுமதிக்க வேண்டும். தன்னைச் சேர்த்தது தவறு என்று தம்பி நினைத்தால் அவரே வாரியத்திடம் முறையிடலாம், அதற்கு இலவச சட்ட உதவியும் உண்டு. இந்த விவரத்தை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெளியே வரத் தனக்கும் வழி இருக்கிறது என்று தெரிந்தால் பலருக்குப் பாதி பதற்றம் குறைந்துவிடும்.

30 நாள் முழுக்க இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆபத்து நீங்கி, தன் சிகிச்சையைப் பற்றித் தானே முடிவெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டால், கட்டாயத்தின் பேரில் வைத்திருக்க மருத்துவமனைக்கு உரிமை இல்லை. பொதுவாக மருந்து ஆரம்பித்த சில நாளில் தூக்கம் வரும், ஆவேசம் அடங்கும். சந்தேகம் கரைய நான்கிலிருந்து ஆறு வாரம்கூட ஆகலாம். அதனால் டிஸ்சார்ஜ் ஆகி வரும் நாளில் அவர் முழுக்க பழைய தம்பியாக இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள்தான். சேர்க்கும்போது பத்துப் பேர் கூட வருவார்கள், வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க ஆள் இருக்காது. ஆனால் தற்கொலை ஆபத்து அதிகமாக இருக்கும் காலமே அதுதான். என்ன நடந்தது என்று தெளிவு வர வர அவமானமும் சோர்வும் சேர்ந்துகொள்ளும். மருந்தைக் கண்ணில் படும்படி மொத்தமாக வைக்காமல் ஒருவர் பொறுப்பில் வையுங்கள். டிஸ்சார்ஜ் அன்றே அடுத்த சந்திப்புத் தேதியைக் கேட்டு வாங்குங்கள், ஒரு வாரத்துக்குள் இருப்பது நல்லது. எந்த மருந்து எதற்கு, என்ன பக்கவிளைவு வரும், நோய் திரும்புகிறது என்பதற்கு முதல் அறிகுறி என்ன என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இதையெல்லாம் உங்களோடு உட்கார்ந்து பேசித் திட்டமிடுவது மருத்துவமனையின் கடமை. நன்றாகிவிட்டான் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். முதல் தாக்குதலுக்குப் பிறகு குறைந்தது ஒன்றிரண்டு வருடம் மருந்து தொடர்வது வழக்கம். உடல் பருத்தாலோ, கை நடுங்கினாலோ, சும்மா சும்மா தூங்கி வழிந்தாலோ டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், வீட்டுக்கு வந்தவரிடம் அப்பாவைத் தள்ளியதைப் பற்றி யாரும் குத்திக்காட்ட வேண்டாம்.

அவர் நன்றாகத் தேறிய பிறகு, மறுபடி உடம்பு சரியில்லாமல் போனால் எப்படிச் சிகிச்சை வேண்டும், யார் தனக்காக முடிவெடுக்கலாம் என்று அவரையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். சட்டம் அதற்கும் இடம் தருகிறது.

உங்கள் மாவட்டத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கே போகலாம். நாளைக் காலையே நீங்களும் அப்பாவும் மட்டும் போய், நடந்ததைச் சொல்லி ஆலோசனை கேட்டுவிட்டு வாருங்கள். எப்போதிலிருந்து மாற்றம், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, ஏதாவது போதைப் பழக்கம் உண்டா என்பதை எழுதிக் கொண்டுபோங்கள். அதற்குள் பேச ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இன்றிரவே அவர் யாரையாவது தாக்கினாலோ, சாகப் போகிறேன் என்றாலோ காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கத்தி, பூச்சிமருந்து, மாத்திரைகளை இப்போதே எடுத்து ஒளித்து வையுங்கள்.