வலசைப் பறவைகளைப் பாதுகாக்க அரசு எடுக்கும் முயற்சிகள் உண்மையிலேயே பலன் தருகின்றனவா?

சட்டம், பன்னாட்டு உடன்படிக்கை, சரணாலயம், உலக அளவில் முக்கியமான சதுப்புநிலம் என்ற ராம்சர் தகுதி என்று இத்தனை இருந்தும் பல ஏரிகளில் பறவைகள் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, அரசு செய்வதால் என்ன பலன் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் அமைப்பைப் பார்த்தால் நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர் என்று தோன்றுகிறது. அப்படியானால் அடுத்த இரண்டு பத்திகளே உங்களுக்குப் போதுமானவை. அவற்றுக்குப் பிறகு, செங்கல்பட்டு மாவட்டத்து ஏரி ஒன்றின் ஆயக்கட்டில், அதாவது அந்த ஏரி நீர் பாயும் பரப்பில், மூன்று ஏக்கர் நிலம் வைத்திருப்பவன் என்ற முறையில் என் கண்முன் நடந்ததை எழுதுகிறேன். என் கையெழுத்தும் சேர்ந்து நடந்த தவறு அது என்பதால், இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பலன் உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இல்லையென்றால், துப்பாக்கியோடும் வலையோடும் வருகிறவனைத் தடுத்து நிறுத்த ஊராருக்கு எந்தப் பிடிமானமும் இருந்திருக்காது. வலசை போகும் உயிரினங்களுக்கான பான் உடன்படிக்கையில் இந்தியா 1983இல் சேர்ந்தது. அதன் பதின்மூன்றாவது மாநாடு 2020 பிப்ரவரியில் காந்திநகரில் நடந்தது. ஆர்க்டிக் பகுதியிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளைத் தொட்டுச் செல்லும் மத்திய ஆசிய வலசைப் பாதைக்கென 2018 முதல் 2023 வரைக்குமான தேசியச் செயல்திட்டம் ஒன்றையும் மத்திய அரசு வகுத்தது. இவையெல்லாம் தாளோடு நின்றுபோகிறவை என்று நினைப்பவர்கள் நாகாலாந்தில் நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். 2012இல் அங்குள்ள தோயாங் நீர்த்தேக்கத்தின் அருகே அமூர் வல்லூறுகள் வலைவிரித்துப் பிடிக்கப்பட்டு ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட செய்தி உலகெங்கும் பரவியது. மாநில அரசும் கிராம சபைகளும் தேவாலயங்களும் தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்து பேசியதில் மறு ஆண்டே அந்த வேட்டை நின்றது. 2013இல் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட மூன்று பறவைகளுக்கு நாகா, பாங்டி, வோக்கா என்று அந்த மண்ணின் பெயர்களையே சூட்டினார்கள்.

எங்கள் மாவட்டத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைப் பொறுக்காமல் ஊரார் முறையிட்டதன் பேரில், 1798இல் அன்றைய ஆட்சியர் லயோனல் பிளேஸ் அந்தப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது அந்த ஊராரின் அனுபவம். ஆகவே சட்டம் வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே காவல் வந்துவிட்டது. ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான் என்றாலும், 1998இல் அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் தொலைவு வரை சரணாலயமாக அறிவித்தார்கள். 2020இல் அந்த எல்லையை மூன்று கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு எழுந்து, பலத்த எதிர்ப்புக்குப் பிறகு ஐந்து கிலோமீட்டரே நீடிக்கிறது. 2022இல் ராம்சர் பட்டியலிலும் வேடந்தாங்கல் சேர்ந்தது. இதை அரசின் வெற்றி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

எங்கள் ஏரிக்கு இப்படிப்பட்ட எந்தப் பெயரும் கிடையாது. ஆனாலும் மார்கழி தொடங்கி மாசி முடிய, ஏரியின் உள்வாயில், அதாவது கரைக்கு எதிரே நீர் ஆழமில்லாமல் பரவும் சரிவான பக்கத்தில், நீலச்சிறகிகளும் ஊசிவால் வாத்துகளும் மேயும். தண்ணீர் பின்வாங்கும் சேற்றில் பொரி உள்ளானும் கொசு உள்ளானும் பட்டாணி உப்புக்கொத்தியும் ஓடிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளில் கருவால் மூக்கன்கள் கூட்டமாக இறங்கி, நீண்ட அலகை வேர்வரை சேற்றில் செருகி நிற்பதைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். இவற்றைப் பற்றி நாங்கள் பெருமைப்பட்டதுமில்லை, தொந்தரவு செய்ததுமில்லை. என் மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகு, வனத்துறை தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தும் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்து, எங்கள் ஏரியையும் எண்ணத் தொடங்கினாள். அவற்றின் பெயர்களெல்லாம் எனக்குத் தெரியவந்தது அவள் வழியாகத்தான்.

ஏரி தூர்ந்துபோயிருந்ததால் பின்பருவப் பயிருக்குத் தண்ணீர் எட்டாமல் இரண்டு முறை கதிர் பிடிக்கும் நேரத்தில் நெல் காய்ந்தது. நானும் ஆயக்கட்டு விவசாயிகள் சிலரும் சேர்ந்து, தூர் வாரித் தர வேண்டுமென மனு எழுதி, கையெழுத்து வாங்கி, அலுவலகத்துக்குப் பலமுறை நடந்தோம். மனு ஏற்கப்பட்டபோது ஊரே மகிழ்ந்தது. பொக்லைன் இயந்திரங்கள் வந்தன. மதகை ஒட்டிய பகுதியை ஆழப்படுத்தியதோடு நில்லாமல், மண் நன்றாக இருக்கிறது என்பதற்காக உள்வாய்ப் பக்கத்திலும் ஓராள் ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டினார்கள். அந்த மண்ணில் சில வண்டி என் வயலுக்கும் வந்தது. யாரும் விதியை மீறவில்லை. யாரும் பறவையைத் துன்புறுத்தவும் இல்லை.

அடுத்த தையில் ஏரி நிறையத் தண்ணீர் இருந்தது. மகள் தொலைநோக்கியோடு கரையில் இரண்டு மணி நேரம் நின்றாள். நீர்க்காகங்களும் நாமக்கோழிகளும் முன்பைவிட அதிகமாகவே இருந்தன. உள்ளான் வகையில் ஒன்றுகூட இல்லை. கணக்கெடுப்புத் தாளில் அடுத்தடுத்து பூஜ்யம் எழுதிவிட்டு, “அப்பா, இதுங்க நிக்க இடமே இல்லையே” என்று அவள் சொன்னபோதுதான் நாங்கள் செய்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. கொசு உள்ளானுக்கு வேண்டியது இரண்டு விரற்கடைத் தண்ணீரும் அதன் அடியில் புழு நிறைந்த சேறும். தலைகீழாகக் கவிழ்ந்து மேயும் வாத்துக்குக்கூட ஒரு முழத்துக்கு மேல் ஆழமானால் தரை எட்டாது. சரிவான உள்வாயில் நீர் நாளுக்கு நாள் பின்வாங்குவதால் தினமும் புதிய சேறு வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். செங்குத்தாக வெட்டிய ஏரியிலோ மட்டம் எவ்வளவு இறங்கினாலும் சேறு வெளிப்படும் ஓரமே கிடைப்பதில்லை. சைபீரியாவிலிருந்து வரும் பறவைக்கு, எங்கள் ஏரி நிறைந்திருந்தும் இல்லாத ஏரியாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, தூர் வாருவதையே எதிர்க்கிறேன் என்றும், பறவைக்காக விவசாயி பட்டினி கிடக்கச் சொல்கிறேன் என்றும் சிலர் பின்னூட்டம் எழுதக்கூடும். நானே அந்தத் தண்ணீரில் நெல் விளைவிப்பவன். தூர் வாரியதால் அந்த ஆண்டு என் பயிர் தப்பியது என்பதை மறைக்க மாட்டேன். மதகுப் பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் ஆழப்படுத்தட்டும், உள்வாயின் சரிவை மட்டும் விட்டுவைக்கலாமே என்பதுதான் என் வாதம். கொள்ளளவில் அதனால் ஏற்படும் இழப்பு சிறிது, ஏனெனில் ஏரியின் பெரும்பகுதித் தண்ணீர் கரையை ஒட்டித்தான் நிற்கிறது.

அரசின் முயற்சியில் எனக்குத் தெரிகிற குறையும் இங்கேதான் இருக்கிறது. ஏரியின் தண்ணீர் ஒரு துறையிடம், நிலம் இன்னொரு துறையிடம், மீன் பாசிக் குத்தகை வேறோர் இடத்தில். வனத்துறையின் பொறுப்பில் வருவது பறவை மட்டும். தண்ணீர் எவ்வளவு ஆழம் நிற்க வேண்டும், எந்த மாதத்தில் இறங்க வேண்டும் என்பதே வலசைப் பறவையின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. ஆனால் அந்த முடிவுகளை எடுக்கும் இடத்தில் பறவையைப் பற்றிப் பேச யாரும் இருப்பதில்லை. சதுப்புநிலங்களைக் காப்பதற்கென 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் உப்பளங்களையும் நெல்வயல்களையும் தம் வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அவை ஏறக்குறைய எல்லாமே மனிதர் வெட்டியவை, பாசனத்துக்கானவை. வேடந்தாங்கல் போலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சில தப்பித்துக்கொண்டன. கோடியக்கரை 1967இலேயே சரணாலயமாகி, 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமாகவும் ஆனது. மற்ற ஏரிகளில் இறங்கும் பறவையைச் சுடுவது குற்றம்; அனுமதி பெற்று அது மேயும் சேற்றை அள்ளிக்கொண்டு போவது குற்றமில்லை.

இதோடு சேர்த்து ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் கார்த்திகை பிறந்ததும் சில நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் ‘வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன’ என்று செய்தி வெளியிட்டு, கூடவே மஞ்சள்மூக்கு நாரையின் படத்தைப் போடுகின்றன. மஞ்சள்மூக்கு நாரை இந்தியாவிலேயே வாழ்ந்து, இங்கேயே மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவை. உண்மையிலேயே வடக்கிலிருந்து வருகிற உள்ளான் சாம்பல் நிறத்தில், சிறிதாக, சேற்றோடு சேறாக இருப்பதால் அதன் படம் எடுபடாது போலிருக்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை, ஏனென்றால் நாரைக்கு வேண்டியது மரம், உள்ளானுக்கு வேண்டியது மரமில்லாத திறந்த சேறு. பல ஏரிகளின் உள்வாயில் வரிசையாகக் கருவேலங்கன்று நடப்பட்டபோது, கூடு கட்டும் பறவைகளுக்கு அது நன்மையாக இருந்தது. திறந்த வெளியில் பருந்து வருவதைத் தூரத்திலேயே கண்டு எழும்ப வேண்டிய சிறு பறவைகளுக்கோ அது இடத்தைக் குறைத்தது. எந்தப் பறவைக்காகச் செய்கிறோம் என்று தெரியாமல் பறவைக்காக என்று செய்யும் வேலையில் இந்த ஆபத்து இருக்கிறது.

மீண்டும் எங்கள் ஏரிக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகள் பூஜ்யமே எழுதிய பிறகு, ஊர்க்கூட்டத்தில் மகளின் தாள்களை எடுத்துக்காட்டி, இனி வண்டல் எடுப்பதென்றால் மதகுப் பக்கம் மட்டும்தான் என்று பேசினேன். எதிர்ப்பு இருந்தது, ‘கொக்குக்காக ஏரியைக் காயப் போடப் பார்க்கிறான்’ என்று என் சொந்தப் பங்காளியே சொன்னார். வயதில் இளையவரான பொறியாளர் ஒருவர், எங்களோடு உள்வாயில் இறங்கி நடந்து பார்த்து, வெட்டிய விளிம்பின் மேல்முனையைச் சரித்துவிட்டால் இரண்டு மழையில் தானாகவே சரிவு அமைந்துவிடும் என்று யோசனை சொன்னார். ஒரு நாள் இயந்திர வாடகையை ஆயக்கட்டுக்காரர்கள் பங்கிட்டுக் கொடுத்து அதைச் செய்தோம். அந்த வேலை எந்தத் திட்டத்தின் கணக்கிலும் வராது.

மூன்றாம் தையில் மகளால் வர இயலவில்லை. நானே தாளோடு போய் நின்றேன். வடமேற்கு மூலையில் பொரி உள்ளான் இருபத்தாறு, பட்டாணி உப்புக்கொத்தி ஒன்பது, சற்று உள்ளே நீலச்சிறகி நாற்பதுக்கு மேல் இருந்தன. அவை எழும்பி எழும்பி இடம் மாறியதால் மூன்று முறை எண்ண வேண்டியிருந்தது. கருவால் மூக்கன் இன்னும் வரவில்லை.