வயிற்றின் அளவு குழந்தைக்குத் தெரியும்

குழந்தை வளர்ப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது ஆகிறது. கைப்பேசியில் பாட்டுப் போட்டுக் காட்டினால்தான் வாயைத் திறக்கிறான். அதை எடுத்துவிட்டால் தட்டைத் தள்ளிவிடுகிறான். ஒரு வேளைச் சோறு ஊட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பாலை மட்டும் நான்கு வேளையும் விரும்பிக் குடிக்கிறான். எடை 12 கிலோ. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் போலக் கொழுகொழுவென்று இல்லையே என்று என் மாமியார் வருந்துகிறார். கைப்பேசியை நிறுத்தினால் பட்டினி கிடப்பானோ என்று அஞ்சுகிறேன்.
ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் எடையைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டரை வயது ஆண் குழந்தையின் நடுவளவு எடை 13 கிலோவைச் சற்றே தாண்டும். 12 கிலோ என்பது இயல்பான வரம்புக்குள்தான் இருக்கிறது. சுமார் 3 கிலோவாகப் பிறக்கும் குழந்தை முதல் பிறந்த நாளுக்குள் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டு வயதுக்குப் பிறகோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கிலோதான் கூடும். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயற்கை. கைக்குழந்தையாக இருந்தபோது உண்ட வேகத்தை இப்போதும் எதிர்பார்ப்பதால்தான் பல வீடுகளில் சாப்பாட்டு நேரம் சண்டை நேரமாகிவிடுகிறது.

உங்கள் மகன் சோற்றை மறுப்பதற்குப் பெரும்பாலும் பாலே காரணமாக இருக்கும். நான்கு வேளை பால் குடித்த வயிற்றில் சோற்றுக்கு இடம் இருக்காது. பசுவின் பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால், பாலையே நம்பி வளரும் குழந்தைகளுக்கு இரத்தசோகை எளிதில் வருகிறது. இரத்தசோகை பசியை இன்னும் மந்தமாக்குகிறது. ஆகவே நாளைக்கு மொத்தம் 400 முதல் 500 மில்லிக்கு மேல் பால் வேண்டாம். அதையும் புட்டியில் தராமல் டம்ளரில், உணவுக்கு முன்பாக அல்லாமல் பின்பாகக் கொடுங்கள்.

அடுத்தது கைப்பேசி. திரையில் கண் பதிந்திருக்கும் குழந்தை எதைத் தின்கிறோம், வயிறு நிறைந்ததா என்பதைக் கவனிப்பதே இல்லை. வாய் திறக்கிறதே தவிர, உண்ணக் கற்றுக்கொள்வதில்லை. நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியது நம் பழைய வழக்கம்தானே என்று சிலர் கேட்பதுண்டு. அங்கே ஊட்டுகிறவர் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசினார், குழந்தையும் பதில் பேசியது. அந்தப் பேச்சைத்தான் கைப்பேசி பறித்துக்கொள்கிறது. இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டு முதல் ஐந்து வயது வரை பெரியவர் உடனிருக்க நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக்கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் அறிவுறுத்தியிருக்கிறது.

கைப்பேசியைச் சிறிது சிறிதாகக் குறைக்க முயலாமல் ஒரே நாளில் நிறுத்திவிடுவதே நல்லது. அந்த நேரத்தில் பெரியவர்களின் கைப்பேசியும் தொலைக்காட்சியும் அணைந்திருக்க வேண்டும். மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு சிற்றுண்டி என்று நேரம் வகுத்து, நடுவில் தண்ணீர் தவிர வேறு எதையும் தராதீர்கள். வீட்டார் உண்ணும்போதே அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து, சிறிய தட்டில் இரண்டு கரண்டி சோறு மட்டும் வைத்து, அவன் கையாலேயே பிசைந்து உண்ண விடுங்கள். சிந்தினால் சிந்தட்டும். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதை அவன் முடிவு செய்யட்டும். அரை மணி நேரத்துக்குள் எழுந்துவிட்டால், திட்டாமல், கெஞ்சாமல், பூச்சாண்டி காட்டாமல் தட்டை எடுத்துவிடுங்கள். சாப்பிடவில்லையே என்ற இரக்கத்தில் உடனே பாலோ பிஸ்கட்டோ தந்தால் முந்தைய உழைப்பெல்லாம் வீணாகும். முதல் சில நாட்கள் அழுவான், குறைவாக உண்பான். நல்ல உடல்நலம் உள்ள குழந்தை அதனால் பட்டினி கிடந்துவிடாது. புதிய காய் ஒன்றை அவன் ஏற்பதற்குப் பத்துப் பதினைந்து முறைகூடத் தட்டில் வைக்க வேண்டியிருக்கலாம்.

இதில் உங்கள் மாமியாரின் துணை மிக அவசியம். அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்க்கும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். வளர்ச்சி அட்டையில் கோடு மேலேறுவதைக் கண்டால் அவர் மனம் ஆறும். எடை தொடர்ந்து இரண்டு மூன்று மாதங்கள் கூடாமல் நின்றாலோ, உள்ளங்கையும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்திருந்தாலோ, மண்ணைத் தின்றாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, இந்த வயதிலும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: ஐந்து வயதுப் பேத்திக்குப் பாலில் சத்துப் பானப் பொடி கலந்து கொடுத்தால் உயரமாக வளர்வாளா?
ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: பொடியால் உயரம் கூடாது. பெற்றோரின் உயரம், முழுமையான உணவு, போதிய தூக்கம், நோயற்ற உடல் ஆகியவையே அதைத் தீர்மானிக்கின்றன. டப்பாவின் பின்புறத்தில் சர்க்கரையின் அளவைப் படித்துப் பாருங்கள். சில பொடிகளில் மூன்றில் ஒரு பங்கு வரை சர்க்கரைதான். 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் இவற்றைக் காட்டி விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு ஒன்றிய அரசு 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியதும் நினைவிருக்கலாம். அந்தப் பணத்தில் முட்டை, சுண்டல், முருங்கைக்கீரை, பழம் வாங்கித் தாருங்கள். கீரையோடு எலுமிச்சை பிழிந்த ரசமோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். தேநீர் மட்டும் வேண்டாம். அது இரும்புச்சத்தைச் சேரவிடாமல் தடுக்கும்.

கேள்வி: அங்கன்வாடியில் தரும் பூச்சி மாத்திரையை, வயிற்று வலி எதுவும் இல்லாத என் மகளுக்கும் கொடுக்க வேண்டுமா?
ஒரு வாசகி, தருமபுரி

பதில்: கட்டாயம் கொடுங்கள். குடற்புழுக்கள் எந்த அறிகுறியும் காட்டாமலே சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அல்பெண்டசோல் மாத்திரை பொதுவாகப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் இலவசமாகத் தரப்படுகிறது. ஒன்று முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் முழு மாத்திரை. சிறு குழந்தைக்கு நன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். அன்று காய்ச்சலாக இருந்தால் ஊழியரிடம் சொல்லிவிட்டு, விடுபட்டவர்களுக்கென்று சில நாட்கள் கழித்து நடக்கும் முகாமில் கொடுத்துக்கொள்ளலாம்.