இடுப்பு ஆபரேஷன் முடிந்த கையோடு ஹம்மிங்பேர்டைக் கவனிக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 68 வயது. சிறுவயதில் வந்த போலியோவால் இடது கால் சூம்பிவிட்டது. காலைத் தாங்கும் காலிப்பர் பட்டை போட்டுத்தான் நடக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். சியாட்டில் பக்கம் பெல்வியூவில் மகள் வீட்டில் இருக்கிறேன். பின்பக்கம் இரண்டு படி இறங்கினால் மேப்பிள் மரம். அதில் தொங்கும், சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிவைக்கும் ஃபீடருக்கு வருடக்கணக்காக ஹம்மிங்பேர்டு என்ற சின்னஞ்சிறு பறவைகள் வருகின்றன. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். நான் படுத்ததிலிருந்து ஃபீடர் காலி. டிசம்பர் குளிரில் அவை பட்டினியில் செத்துப்போகுமா? வாக்கரைப் பிடித்துக்கொண்டு நானே போய் மாற்றலாமா? வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை நல்லதா? இதற்கிடையில் ஒருவர் தினமும் போன் செய்து, மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) மூலம் முட்டிக்கும் முதுகுக்கும் இலவசமாகத் தாங்குபட்டை அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: சாகாது, ஐயா. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். உங்கள் ஊரில் குளிர்காலத்திலும் தங்குவது அன்னா ஹம்மிங்பேர்டு. குளிர்காலத்தில் பூக்கும் செடி, சின்னப் பூச்சி, சிலந்தி, நாலு வீடு தள்ளி இன்னொருவர் வைத்த ஃபீடர் என்று அது நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் தெற்கிலும் அதை ஒட்டிய மெக்சிகோவின் பாஹாவிலும் மட்டுமே கூடு கட்டிய பறவை அது. தோட்டச் செடிகளையும் ஃபீடர்களையும் பிடித்துக்கொண்டு கனடா வரை ஏறிவந்திருக்கிறது. உங்கள் ஃபீடர் காலியான அன்றே அடுத்த தெருவைப் பார்த்துக்கொண்டு போயிருக்கும். மறுபடி வைத்தால் மறுபடி வரும்.

எனக்குக் கவலை உங்கள் இடுப்பைப் பற்றித்தான். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இடுப்பு, முட்டி மாற்றியவர்கள் வீட்டில் எப்படிக் குளிப்பது, உடுத்துவது, சமைப்பது என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. என் ஜன்னலிலும் ஃபீடர் உண்டு, அதனால் உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் வாக்கரோடு பின்பக்கம் இறங்கவே கூடாது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில், “ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்” என்று போட்டிருப்பார்கள். ஒரு காலாவது முழு பலத்தோடு இருக்கும் ஆளை மனதில் வைத்து அச்சடித்த தாள் அது. இத்தனை வருடம் உங்களைத் தாங்கிய நல்ல காலைத்தான் இப்போது திறந்து மூடியிருக்கிறார்கள். போலியோக் கால் உங்களைப் படியில் தாங்காது. உங்களுக்கு எந்தக் கால் முதலில், காலிப்பரின் முட்டிப் பூட்டைப் போட்டுக்கொண்டா, எடுத்துவிட்டா என்பதெல்லாம் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். அதைக் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே தாளை நீட்டி வீட்டுக்கு அனுப்புவது எனக்கு ஆறாத கோபம். அவர் சொல்லும்வரை ஒரு படிகூட வேண்டாம். மேப்பிள் சருகு ஊறிக் கிடக்கும் படி வழுக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற காலத்தில் விழுந்தால், எலும்பு தப்பித்தாலும் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும்.

அதற்குப் பதில் ஃபீடரை உங்களிடம் வரவழையுங்கள். கண்ணாடியில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கப் வைத்த, தட்டு வடிவச் சின்ன ஃபீடர் கிடைக்கும். மூடியைத் தூக்கினால் மொத்தமும் திறந்துகொள்ளும், கழுவவும் எளிது. நீங்கள் பகலில் உட்காரும் அறையில் பக்கவாட்டில் நகரும் ஜன்னல் இருந்தால், கொசுவலைச் சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு, நாற்காலியிலிருந்தே கை எட்டும் இடத்தில் வெளிக்கண்ணாடியில் ஒட்டச் சொல்லுங்கள். உட்கார்ந்த நிலையில் உங்கள் மார்புக்கும் தோளுக்கும் நடுவில் அது இருக்க வேண்டும். கண்ணாடியை ஒட்டியே இருப்பதால் பறவை வேகமெடுத்து வந்து மோதுவதும் குறையும். நாற்காலிக்குக் கைப்பிடி வேண்டும். உட்கார்ந்தால் முட்டியைவிட இடுப்பு சற்று உயரத்தில் இருக்க வேண்டும். இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்காதே என்று உங்களுக்குச் சொல்லியிருந்தால், காலிப்பர் பூட்டை விடுவிக்கக் குனிவதுகூட அந்தக் கணக்கில் சேரும். குனியாமலே பொருளைப் பிடித்து எடுக்க உதவும் நீளமான ரீச்சர் குச்சியைப் பக்கத்திலேயே சாய்த்து வையுங்கள். சர்க்கரைத் தண்ணீரை மூடி போட்ட பாட்டிலில், வாக்கரின் முன்னால் மாட்டிய பையில் கொண்டுபோங்கள். கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாக்கரை ஒரு கையால் தள்ளுவது வேண்டவே வேண்டாம். ஃபீடரைப் பாதி மட்டும் நிரப்புங்கள். தரையில் சிந்தினால் அதுவே ஆளைச் சாய்த்துவிடும்.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எதுவும் கூடாது. நமக்கு நல்லது என்று நினைப்பதெல்லாம் இந்தப் பறவைக்குக் கெடுதல். சுத்திகரிக்காத சர்க்கரையில் இருக்கும் இரும்புச்சத்து அதற்குச் சேராது. தேன் தண்ணீரில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைச் சர்க்கரை ஒரு கப், தண்ணீர் நாலு கப், அவ்வளவுதான். சிவப்புச் சாயம் கலந்த ‘நெக்டார்’ பொடி என்று கடையில் விற்பது இதே சர்க்கரைதான், பல மடங்கு விலையில். இந்தக் குளிரில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மகள் ஞாயிறும் புதனும் இரவில் வெந்நீரில் பிரஷ் போட்டுக் கழுவிக் கொடுக்கட்டும். ஆபரேஷன் காயம் ஆறும்வரை ஃபீடரைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஒரே ஒரு நிலைமையில்தான் ஃபீடரை விட்டுவிடக் கூடாது: பகலிலும் உறைபனி நீங்காமல் இரண்டு மூன்று நாள் நீளும்போது. அப்போது பூ கருகிவிடும், பூச்சி நடமாடாது, அக்கம்பக்கத்து ஃபீடர்களும் கட்டியாகிவிடும். தண்ணீர் உறையும் 32 பாரன்ஹீட்டுக்குச் சற்றுக் கீழே போனாலே சர்க்கரைத் தண்ணீரும் உறைந்துவிடும். அதுவரை உங்கள் ஃபீடருக்கு வந்து பழகிய பறவை, விடியற்காலையில் ஐஸ் கட்டியில் அலகை முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே ராத்திரி இருட்டியதும் ஃபீடரை உள்ளே எடுத்து, விடிவதற்கு முன் வெளியே ஒட்டுங்கள். பகலில் உறைந்தால் இரண்டாவது ஃபீடரை மாற்றி மாற்றி வையுங்கள். ஃபீடருக்கு அடியில் பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிடுபவர்களும் உண்டு. எல்ஈடி பல்பில் அந்தச் சூடு வராது. வயரும் பிளக்கும் வெளியே வைக்கத் தக்கவையா என்று மருமகன் பார்த்துக்கொள்ளட்டும். உறையாமலிருக்கச் சர்க்கரையை அள்ளிப் போடாதீர்கள், உப்பு அறவே கூடாது. வானிலை அறிக்கையில் உறைபனி என்று வந்ததும், முந்தின நாளே பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவையுங்கள். அன்றைக்கு மட்டும் அவரும் ஒரு ஃபீடர் மாட்டட்டும்.

அப்படிப்பட்ட காலையில் ஒரு பறவை ஃபீடரில் அசையாமல், சிலசமயம் தலைகீழாகவே தொங்கலாம். செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 107 பாரன்ஹீட் இருக்கும் அதன் உடல்சூடு, குளிர் இரவில் 48 வரைகூட இறங்கும். மூச்சும் இதயத்துடிப்பும் மிக மெதுவாகிவிடும். வெயில் ஏறினால் சிலிர்த்துக்கொண்டு தானே பறந்துவிடும். தொட வேண்டாம்.

இனி அந்த போன்காரர். ஐயா, அவரிடம் உங்கள் மெடிகேர் எண்ணைச் சொல்லவே சொல்லாதீர்கள். மெடிகேர் யாரையும் தானாகக் கூப்பிட்டுப் பட்டை விற்காது. 2019 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை 24 பேர் மீது குற்றம் சாட்டியது. மோசடித் தொகை 120 கோடி டாலருக்கு மேல். பிலிப்பைன்ஸிலும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் கால்சென்டர் வைத்து, வயதானவர்களை அழைத்து, தேவையே இல்லாத முட்டி, முதுகு, தோள் பட்டைகளை ‘இலவசம்’ என்று தள்ளிவிட்டு மெடிகேரிடம் பில் போட்டிருக்கிறார்கள். நோயாளியைக் கண்ணால் பார்க்காத டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வழக்கு நடந்த பிறகும் போன்கள் ஓயவில்லை.

“நமக்கென்ன, கவர்மென்ட் காசுதானே” என்று பலர் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். உங்களுக்கு இதில் நேரடி ஆபத்து இருக்கிறது. உங்கள் காலிப்பரும் மெடிகேர் கணக்கில் காலுக்கான பட்டைதான். நாளைக்குப் பழையது தேய்ந்து, அளவெடுத்துப் புதிது செய்ய டாக்டர் எழுதும்போது, “இவருக்குக் கால் பட்டை ஏற்கெனவே கொடுத்தாயிற்றே” என்று தள்ளிவிடலாம். அவன் அனுப்பிய ரப்பர் பட்டையைப் போட்டுக்கொண்டு நீங்கள் நிற்கக்கூட முடியாது. பேச்சுவாக்கில் எண்ணைக் கொடுத்துவிட்டிருந்தால், இன்றைக்கே மெடிகேரின் 1-800-633-4227 எண்ணுக்கு மகளை விட்டுப் பேசச் சொல்லுங்கள். பார்சல் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள். தபாலில் வரும் மெடிகேர் கணக்குத் தாளைக் குப்பையில் போடாமல், உங்களுக்குத் தெரியாத டாக்டர் பெயரோ பொருளோ இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள்.

மோசடிக்காரனுக்கு இவ்வளவு தாராளமாகத் திறக்கும் அதே கதவு உங்களுக்கு எப்படித் திறக்கிறது தெரியுமா? வாக்கருக்கு 80 சதவீதம் தருவார்கள். குளியலறைக் கைப்பிடிக் கம்பிக்கும், உயர்த்திய கழிப்பறை இருக்கைக்கும், ரீச்சர் குச்சிக்கும் ஒன்றும் கிடையாது. விழாமல் காப்பதற்குக் காசில்லை. விழுந்து எலும்பு உடைந்தால் ஆபரேஷனுக்குக் காசு உண்டு. வீட்டுக்கு வர ஆக்குபேஷனல் தெரபிஸ்டை மட்டும் கேட்டாலும் முதலில் கொடுக்க மாட்டார்கள். நர்ஸோ பிசியோதெரபிஸ்டோ பேச்சுப் பயிற்சியாளரோ தேவை என்று டாக்டர் எழுதினால்தான் கூடவே எங்களையும் சேர்ப்பார்கள். ஆகவே அடுத்த தடவை சர்ஜனைப் பார்க்கும்போது, போலியோக் காலைச் சொல்லி பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருவரையும் சேர்த்தே எழுதி வாங்குங்கள். கம்பியும் குச்சியும் வாங்குவதற்கு முன் இன்னொன்று: உடற்குறை உள்ளவர்களுக்கு உதவிக்கருவிகளைக் கடனாகத் தந்து பார்க்கச் சொல்லும் அரசுத் திட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறது, வாஷிங்டனிலும் உண்டு. ஆஸ்பத்திரியில் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். மகளை நாளை மதிய இடைவேளையில் அந்தத் திட்டத்துக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.