ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘ஆக்டிவேட் விண்டோஸ்’

காட்பாடியில் வாங்கிய அசெம்பிள் கணினியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று மூலையில் எழுத்து வருகிறது, கடைக்காரர் ஒவ்வொரு முறையும் பணம் வாங்கிக்கொண்டு சரிசெய்கிறார் என்கிறீர்கள். அந்த ஆறு மாதக் கணக்குதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

ஆக்டிவேஷன் என்பது உங்கள் விண்டோஸுக்கு உரிமம் உண்டு என்று பதிவுசெய்வது. அதைக் கேஎம்எஸ் (நிறுவனத்தின் சொந்த சர்வர் வழியாக ஆக்டிவேட் செய்வது) முறையில் செய்தால் 180 நாள்தான் செல்லும். கல்லூரி, பெரிய அலுவலகம் போன்ற இடங்களுக்கான ஏற்பாடு அது. அங்கே ஒரு சர்வர் இருக்கும். கணினிகள் வாரம் ஒருமுறை அதைத் தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் சர்வர் ஏது? கடைக்காரர் ஏதோ திருட்டு டூலை ஓட்டிவிட்டுப் போகிறார் என்றே நினைக்கிறேன். அவை பெரும்பாலும் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும். அதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம், நெட் பேங்கிங் செய்கிற கணினி வேறு.

உறுதிசெய்ய, விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி slmgr /dli என்று தட்டி என்டர் அழுத்துங்கள். வரும் பெட்டியில் கேஎம்எஸ் கிளையன்ட் (KMSCLIENT) என்று இருந்தால் சந்தேகமே இல்லை.

அப்படியானால் கோப்புகளை வெளி டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை இறக்கிப் புதிதாகப் போடுங்கள். அப்புறம் ஒரு ரீடெய்ல் லைசென்ஸ் (தனியாக விற்கும் உரிமம்) வாங்கி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். நாளை மதர்போர்டு மாற்றினாலும் அதை மீட்கலாம். ஓஇஎம் (கணினியோடு சேர்த்து விற்கும் உரிமம்) என்றால் பழைய போர்டோடு போய்விடும்.

பெட்டியில் ரீடெய்ல் (RETAIL) என்று வந்தால் மட்டும் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள்; தேதி தவறாக இருந்தாலும் ஆக்டிவேஷனில் சிக்கல் வரலாம். கரண்ட் போய் வரும்போது தேதி பின்னால் போனால், போர்டில் உள்ள பட்டன் பேட்டரியை மாற்ற வேண்டும்.

பில்லில் விண்டோஸுக்குத் தனியாகப் பணம் போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால் முதலில் கடையில் அதற்கான கீயை (25 எழுத்து உரிம எண்) கேளுங்கள்.