ஏழாம் வகுப்போடு நிறுத்திய மகள் புத்தகத்தைத் தொடவில்லை, திரும்பச் சேர்க்கலாமா?

பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கும் மகள் மூன்று மாதமாகப் புத்தகத்தைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக மட்டும் அவளைத் திரும்பப் பள்ளியில் சேர்க்க வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது, வீட்டில் அவளுக்குப் போட்டிருக்கும் அந்தக் காலை ஒன்பது மணி டைம்டேபிள்தான். மணிக்கும் மதிப்பெண்ணுக்கும் பயந்தே படித்துப் பழகிய பிள்ளை, வீட்டிலும் அதே மணி அடித்தால் முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.

இரண்டு வாரம் டைம்டேபிளை எடுத்துவிடுங்கள். "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்கவும் வேண்டாம். எதில் அவள் நேரம் போவது தெரியாமல் உட்காருகிறாள் என்று மட்டும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தையல் மெஷினை விட்டு எழுந்திருப்பதில்லை என்கிறீர்களே, ஜாக்கெட்டுக்கு அளவெடுத்துத் துணி வெட்டுவதில் பின்னமும் வடிவியலும் தாராளமாக இருக்கின்றன. அதையும் பாடமாக்கிக் கெடுத்துவிடாதீர்கள்.

பத்தாம் வகுப்புக்கு இப்போதே அவசரம் இல்லை. என்.ஐ.ஓ.எஸ். என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்ததும் பதியலாம். 5 பாடத்தில் தேறினால் போதும்; அதற்கு 5 ஆண்டுகளுக்குள் 9 முறை தேர்வெழுத வாய்ப்பு உண்டு.

ஆனால் தூக்கம் கெட்டு, தோழிகளோடும் பேசாமல், தையலையும் விட்டுவிட்டாள் என்றால் விஷயம் வேறு. அப்போது காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.