கூட்டு ஆர்டரில் சேதாரம் யார் கணக்கு?

சின்னப் பட்டறைகள் சேர்ந்து பெரிய ஆர்டர் எடுப்பது எப்படி என்று நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இங்கே. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஆத்தங்குடியிலிருந்து: அண்ணே, பெங்களூர் ஹோட்டல் ஒன்றுக்கு 6,000 சதுர அடி ஆத்தங்குடித் தரைக்கல் கேட்கிறார்கள். மூன்று பட்டறை சேர்ந்து செய்தால் நிறம் ஒத்துவருமா?

தானாக வராது தம்பி. கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றுவது கைவேலை. கை மாறினால் பூ கொஞ்சம் மாறும். வாங்குகிறவர் அதை விரும்பித்தான் வருகிறார். ஆனால் அடிநிறமே மாறினால் பில் நிற்கும். வண்ணப் பொடியையும் சிமெண்டையும் ஓரிடத்தில் எடைபோட்டு, உலர்வாகக் கலந்து, மூவருக்கும் பிரித்துக் கொடுங்கள். மணலும் ஒரே இடத்து மணலாக இருக்கட்டும். தண்ணீரில் ஊறவைக்கும் நாளும் மூவருக்கும் ஒன்றே. மாதிரிக் கல் நான்கு செய்து, பின்பக்கம் எல்லோரும் கையெழுத்திட்டு, பட்டறைக்கு ஒன்றும் ஹோட்டலுக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்கு போடும்போது சதுர அடியாகப் பிரிக்காதீர்கள், அறையாகப் பிரியுங்கள். ஓர் அறைக்குள் ஒரே பட்டறைக் கல். நிலைப்படிக்கு அந்தப்பக்கம் நிறம் இம்மி மாறினால் யார் கண்ணிலும் படாது.

உண்மையில் சண்டை வருவது உடைசலில்தான். லாரியில் ஏற்றும் முன் எண்ணி, கீறல் கல்லைத் தள்ளி, அந்த இடத்திலேயே சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். அதுவரை உடைந்தது அந்தந்தப் பட்டறைக் கணக்கு, அதற்குப் பின் மூவருக்கும் பொது. முன்பணம் வாங்குவதற்கு முன்பே இதை எழுதிவிடுங்கள். கையில் காசு வந்த பிறகு எழுத யாருக்கும் மனசு வராது.

அழகப்பா பல்கலைக்கழக ஆய்வு மாணவி: இந்தக் கூட்டு உற்பத்தியை ஆராய எந்த மாதிரியை எடுக்கலாம் சார்? கேள்வித்தாள் தயாராக இருக்கிறது.

கேள்வித்தாளைக் கொஞ்சம் தள்ளிவைங்கம்மா. "நம்பிக்கை உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்றுதான் டிக் அடிப்பார்கள். சரக்கு கைமாறும் சங்கிலியை ஆராய 1996-இல் வந்த ஸ்கோர் (SCOR) என்ற மாதிரி திட்டம், கொள்முதல், உற்பத்தி, விநியோகம், பின்னால் சேர்ந்த திரும்பிவருதல் என்று வேலையைப் பிரித்தது. விடுபட்டதைச் சரிபார்க்க அது போதும். நம் ஊரில் அத்தனையும் ஒரே ஆளின் சட்டைப்பை நோட்டில் இருக்கும். அதற்குத் துறை துறையாகப் படம் போட்டால் பொய்யாகிவிடும்.

முடிந்துபோன ஓர் ஆர்டரை எடுங்கள். அதில் கை வைத்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, யார் சொல்லி ஆரம்பித்தீர்கள், பணம் எப்போது கை மாறியது, கெட்டுப்போனதை யார் ஏற்றார் என்று கேளுங்கள். கதைகள் ஒன்றுக்கொன்று முரண்படும் இடம்தான் உங்கள் அத்தியாயம்.

முன்னுதாரணத்துக்கு வெளியே தேட வேண்டாம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நம் ஊர் நகரத்தார் அந்தக் காலத்தில் நடத்திய கிட்டங்கிகளை, அதாவது வட்டிக்கடைக் கூடங்களை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கூடத்தில் பல கடைகள், ஆளுக்கொரு மேசை, பெட்டகம், தனிப் பேரேடு. போட்டியாளர்கள்தான், ஆனாலும் நடப்பு வட்டியைக் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். எதைப் பொதுவாக வைப்பது, எதைத் தனியாக வைப்பது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை.

பள்ளத்தூர்: ஆறு வீட்டில் முறுக்கும் சீப்புச்சீடையும் சுட்டு ஒரே பெயரில் விற்கிறோம். புகார் வந்தால் யார் வீட்டுச் சரக்கு என்று தெரிவதில்லை.

ஆச்சி, பாக்கெட்டில் தொகுதி எண் எப்படியும் அச்சிட வேண்டும். அதில் வீட்டுக்கு ஓர் எழுத்து சேருங்கள், முடிந்தது. மாவை ஒரே மில்லில் அரைத்துப் பிரியுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு வீட்டுக்கு வீடு வேண்டும்.

காரைக்குடி மர வேலைக்காரர்: கதவுக்கு மரம் கொடுத்து இழைப்பு வேலை மட்டும் தருகிறார்கள். கூலி மாதக்கணக்கில் இழுக்கிறது.

மரம் உங்கள் பட்டறைக்கு வரும்போதே டெலிவரி சலான் கேளுங்கள். ஜிஎஸ்டி சட்டம் 143-ஆம் பிரிவின்படி, வேலைக்குக் கொடுத்த பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். சலான் இருந்தால் மரம் கொடுத்தவருக்கும் பாதுகாப்பு.

கூலிக்கு முதலில் உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவைச் செய்யுங்கள். 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும், இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டுவட்டி. வழக்குக்குப் போகச் சொல்லவில்லை. பில்லின் அடியில் இந்த வரியை அச்சடித்தாலே பாதிப் பேர் நேரத்துக்குத் தருவார்கள்.

பலர்: உடனே கம்பெனி பதியலாமா?

உற்பத்தியாளர் கம்பெனிக்குப் பத்துப் பேர் போதும், கைவினையும் அதில் வரும். ஆனாலும் இரண்டு மூன்று ஆர்டர் சேர்ந்து முடித்து, ஒரு சண்டையும் பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

தேவகோட்டை: யாரைத் தலைவராக வைப்பது? பெரிய பட்டறைக்காரரையா?

வேண்டாம் என்பேன். நல்ல வேலை முதலில் அவர் பட்டறைக்கே போகும், மிச்சம்தான் மற்றவர்களுக்கு. இத்தாலியின் பிராட்டோ துணித் தொழிலில் தறி வைத்துக்கொள்ளாத ஒருவர் ஆர்டர் பிடித்து, சிறு பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, துணியை விற்பார். அப்படி ஓர் ஆளைப் பிடியுங்கள். அவர் கமிஷன் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்த தொகையாக இருக்கட்டும். விலையில் ஒளித்து எடுக்கிறேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.